வில் மார்க் கால்மிதி

என் பெயரை அரசாங்கம் தினமும் பார்க்கும்படி செய்துவிடுவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது என்றாள் என் மனைவி தையல்நாயகி. அவளுக்குப் பயந்து, புதன்கிழமை அதே முடிவை மறுபடியும் எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இப்படி இரண்டு தடவை எடுக்கப்படுபவைதான்.

என் பெயர் கோதண்டபாணி. விழுப்புரத்தில் கயிற்றுக் கடை. ஒரு காலத்தில், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க வடம் வேண்டுமென்றால் வானூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். அப்புறம் ஊருக்குக் கரண்டு வந்தது. பின்னாலேயே மோட்டார் வந்தது. பொத்தானைத் தட்டினால் தண்ணீர் கொட்டும்போது மாடு எதற்கு, வடம் எதற்கு? குடியானவர்களுக்குக் கவலை ஒழிந்தது. வடம் விற்ற என்னிடம் வந்து சேர்ந்தது.

கவலைப்படுவதில் நான் கைதேர்ந்தவன். வானம் கறுத்தால் கயிறு நனையுமே என்று கவலை. வெளுத்தால், மழையில்லாமல் குடியானவன் கையில் காசு இருக்காதே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒரு கவலையும் வரவில்லை என்று வயிற்றைக் கலக்கும். உங்க வயிறு பசிக்கிறதுக்கு இல்லே, கலங்கறதுக்குத்தான் என்பாள் தையல்நாயகி. அந்த அறுபத்து மூன்றாம் வருஷம் என் வயிறு கலங்கியதற்குக் காரணம் ஒரு முக்காலி.

வளவனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான் என் மச்சான் அப்பாதுரை. தையல்நாயகியின் தம்பி. என் கல்யாணத்தன்று மூக்கு ஒழுக என் மடியில் உட்கார்ந்து, என் பட்டு வேஷ்டியை நனைத்தவன். இப்போது அவன் கடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஆவணியில் ஒரு நாள் வந்தான். கடையைச் சுற்றிப் பார்த்தான். தொங்கிய கயிறுகளையும் கயிறுகளில் தொங்கிய ஒட்டடையையும் பார்த்தான்.

“மாமா, பொங்கல் வரிக்கும் பாருங்க. அதுக்கு மேல இந்தக் கடையக் கட்டிக்கினு அழுவாதீங்க. நம்ம கடைக்கு வந்துடுங்க. பொட்டலம் கட்ட நம்பிக்கையான ஆள் வேணும். உங்களுக்குன்னே ஒரு முக்காலி அடிக்கச் சொல்லிட்டேன்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பாவி, பாசத்தில் சொன்னான். தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் மூன்று கால்கள் தெரிந்தன.

இந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. அங்கே ஒரு சர்க்கார் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அங்கே இன்னொரு தடவை சிரிப்பார்கள். புதுக் கட்டடம். சிமெண்ட் தரையைக் கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டிருந்தார்கள். புதிதாக வந்த ஆபீசருக்குச் சேறு என்றால் ஆகாது. அதனால் வாசலுக்கு வாசல் தேங்காய் நார்க் கால்மிதி போட ஏற்பாடு. அந்த ஆபீசுக்கு மட்டுமில்லை, அதன் கீழே உள்ள அத்தனை ஆபீசுக்கும், வருஷா வருஷம். சப்ளை செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஆளுக்கொரு மிதியைக் கொண்டுவந்து ஆளுக்கொரு வாசலில் போட வேண்டும். அடைமழை இரண்டு மாதமும் எந்த மிதி தாக்குப்பிடிக்கிறதோ, அதற்கு டெண்டர்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கால்மிதி பின்னுவதில் தையல்நாயகியை மிஞ்ச ஜில்லாவில் ஆள் கிடையாது. கடையில் மிஞ்சும் நாரைத் திரித்து, மரச்சட்டத்தில் கட்டி, சமையல் முடிந்த நேரத்தில் பின்னுவாள். தெருவில் பாதி வீட்டு வாசலில் அவள் மிதிதான் கிடக்கிறது. ஆகவே சரக்குக்குப் பஞ்சமில்லை. சரக்குக்கு ஒரு மார்க் இல்லையே என்று சொன்னவன் ராயப்பன்.

ராயப்பன் ஸ்டேஷன் எதிரில் போர்டு எழுதுகிறவன். என் பால்ய சிநேகிதன். அப்போதுதான் பட்டணத்தில் ஒரு பொருட்காட்சிக்குப் படம் எழுதிவிட்டுத் திரும்பியிருந்தான். போகும்போது தூரிகை மட்டும் எடுத்துப் போனவன், வரும்போது ஞானத்தோடு வந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு உபதேசம் செய்தான்.

“இந்தா பாரு கோதண்டம். சரக்கு நல்லாருந்தா சர்க்கார் ஒரு தபா வாங்கும். மார்க் நல்லாருந்தா உன் பேரன் காலம் வரிக்கும் வாங்கும். ஆபீசருங்க மாறிக்கினே இருப்பாங்க. கண்ணுல நிக்கிறது மார்க்தான்.”

பேரன் என்றதும் எனக்குக் கண் கலங்கியது. இன்னும் பிள்ளையே பிறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என்ன மார்க் போடுவது? காளை மாடு என்றேன். அது ஒரு கட்சி என்றான். சூரியன் என்றேன். அது இன்னொரு கட்சி. நட்சத்திரம், குடிசை, கதிர் அரிவாள், இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் போன வருஷத் தேர்தலில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சர்க்கார் வாசலில் ஒரு கட்சியைப் போட்டு மிதிக்கச் சொன்னால் இன்னொரு கட்சி கைதட்டும். உதை மட்டும் எனக்கு இரண்டு பக்கமும் விழும். சரி, யானை? பிள்ளையாரை மிதிப்பதா? சேவல்? முருகனுக்குக் கோபம் வரும். தாமரையில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். சிங்கம் போட்டால் சர்க்கார் முத்திரையையே மிதிக்கச் சொன்னதாக உள்ளே தள்ளிவிடுவார்கள். டீ ஆறிப்போகிற வரைக்கும் யோசித்ததில் மிஞ்சியது கழுதை ஒன்றுதான். அதை ராயப்பன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். படம் வேண்டாம், பெயரையே போடு. பெயருக்குக் கட்சி கிடையாது. நினைத்துப் பார்த்தேன். திண்டிவனத்து ஆபீஸ் வாசலில், கொட்டை எழுத்தில், கோதண்டபாணி. உள்ளே போகிறவனும் பார்ப்பான், வெளியே வருகிறவனும் பார்ப்பான். வளவனூர் அப்பாதுரையும் ஒரு நாள் பட்டா விஷயமாக வந்து பார்ப்பான்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தையல்நாயகி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“மிதிக்கிற சாமானுக்கு மார்க் எதுக்குங்க?”

“அது உனக்குப் புரியாது. வியாபாரம்.”

“எழுத்த எவன் மிதிப்பான்? பேப்பரு கால்ல பட்டாக்கூடத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஜனங்க நம்ம ஜனங்க.”

“அதெல்லாம் கிராமத்துல. இது சர்க்கார் ஆபீஸ்.”

“சர்க்கார் ஆபீசுக்கு இன்னா சீமையிலேருந்தா ஆளு வர்றாங்க?”

நான் அவளுக்கு விளக்கினேன். ராயப்பன் சொன்னதைச் சொன்னேன். அவன் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். காலம் மாறிவிட்டது, இனி பெயர் இல்லாத சரக்கு தெருவில்தான் கிடக்கும் என்றேன். அவள் இன்னும் இரண்டு கை மல்லாட்டை உரித்தாள். அப்புறம் முறத்தைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“செரி. பின்னித் தர்றேன்.”

அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை ஒரே தடவையில் கேட்டது கிடையாது. ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் மனிதனுக்குக் கண் தெரிவதில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். தபால்காரர் வந்து கேட்டால்கூட, “அவங்கதான், கயித்துக் கடைக்காரரு” என்பாள். பெயரைப் பின்னலாமா கூடாதா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. அதையும் அவளே தீர்த்துவைத்தாள். வாயால சொல்லக் கூடாதுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க, கையால பின்னக் கூடாதுன்னு யாரும் சொல்லலே என்றாள்.

பிறகு அவளுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓரத்தில் சின்னதாகப் போட்டால் போதும் என்று நான்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பேருன்னு போட்டா முழுசாத் தெரிய வேணாமா, இந்த ஓரத்திலேருந்து அந்த ஓரம் வரிக்கும் போடறேன் என்றாள். அதோடும் விடவில்லை.

“உங்க பேர்ல இருக்கிறது ராமரு கையில இருக்கிற வில்லுதானே? எழுத்துக்கு மேல ஒரு வில்லும் அம்பும் போட்டுடறேன். மார்க்குக்கு மார்க்கும் ஆச்சு.”

எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. ராயப்பன் ஒரு டீ நேரம் யோசித்து வராத மார்க், இவளுக்கு மூச்சு விடுகிற நேரத்தில் வந்துவிட்டது. வில் மார்க் கோதண்டபாணி கால்மிதி. சொல்லிப் பார்த்தேன். மறுநாள் ராயப்பனிடம் போய், நானே யோசித்ததாகச் சொன்னேன்.

மிதி முடிந்தது. கறுப்புச் சாயம் தோய்த்த நாரில் என் பெயர். மேலே வில், வளைந்து, அம்பு பூட்டி, இதோ பாயப்போகிறது என்கிற மாதிரி. நான் அதைக் கூடத்தில் விரித்துப் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். மிதித்துப் பாருங்க, கெட்டியா இருக்குதான்னு தெரியும் என்றாள். காலைத் தூக்கினேன். என் பெயரை நானே எப்படி மிதிப்பது? காலைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ.

திண்டிவனம் புறப்படுகிற அன்று தூறல். பஸ்ஸில் நனைந்துவிடுமே என்று நான் தவித்தபோது, உள்ளேயிருந்து மொட்டையாக ஒரு மிதியை எடுத்துவந்தாள். எழுத்தும் இல்லை, படமும் இல்லை, வெறும் நார். அதை வெளிப்பக்கமாகச் சுற்றி, புது மிதியை உள்ளே வைத்துக் கட்டிக் கொடுத்தாள். என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்நாயகி விடியும் முன்பே கிளப்பிவிட்டதால், ஆபீசில் முதல் ஆளாகப் போன எனக்கு முன்வாசல் கிடைத்தது. போட்டிக்கு வந்த மற்ற இருவருக்கும் உள் அறை வாசல்கள்தான். வலது கைப் பக்கம் ஒரு பக்கவாசல் இருந்தது. அது சிப்பந்திகள் வந்துபோகிற வாசல், அதற்கு யாரும் மிதி போடவில்லை. நான் என் கையாலேயே முன்வாசலில் மிதியை விரித்தேன். சுற்றிவந்த மொட்டை மிதியை ஓரமாக எறிந்தேன். ஆபீசில் பெருக்குகிற சவுரியம்மாள் அதை எடுத்துப் பார்த்தாள். அவள் வளவனூர்ப் பெண், சின்ன வயதில் தையல்நாயகிக்குச் சிநேகிதி. இத்த நான் எடுத்துக்கட்டுமா அண்ணே என்று கேட்டாள். எடுத்துக்கம்மா, எனக்கு எதுக்கு என்று தாராளமாகச் சொன்னேன். தானம் செய்தால் டெண்டர் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

அதற்குப் பிறகு மழைக்காகக் கவலைப்பட்டேன். மழை இல்லாவிட்டால் சேறு ஏது, சேறு இல்லாவிட்டால் பரீட்சை ஏது? ஐப்பசி பிறந்ததும் மழை கொட்டியது. கொட்டியதும், மிதி அழுகிவிடுமோ என்று கவலைப்பட்டேன். தாங்க முடியாமல் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன்.

ஊரே சேறு. ஆபீஸ் வளாகம் நடவு வயல் மாதிரி கிடந்தது. முன்வாசலில் என் மிதி மட்டும், நான் விரித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் கிடந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இவ்வளவு மழையிலும் சேறு ஒட்டாத மிதி! விழுப்புரம் திரும்பியதும் ராயப்பனுக்கு டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது தையல்நாயகி, அப்படியா, நல்லதாப் போச்சு என்றாள். டெண்டர் கிடைக்க வேண்டும் என்று பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். பெருமுக்கல் போகத் திண்டிவனத்தில்தான் பஸ் மாற வேண்டும். எனக்காக மலையேறுகிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டாவது தடவை போனபோதுதான் புதுக் கவலை பிடித்தது.

மிதியின் நாலு மூலையிலும் நாலு செம்பருத்திப் பூ. வில்லின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. நான் தூணோரமாக நின்று பார்த்தேன். ஒரு பெரியவர், முழங்கால் வரை சேறு, கையில் மனுவோடு படி ஏறினார். மிதியைப் பார்த்தார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். குனிந்து, மிதியைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். “ராமா” என்றார். அப்புறம் படி இறங்கிப் பக்கவாசல் பக்கமாகப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. அவருக்குப் பின்னால் வந்த அம்மாள் கைக்குழந்தையின் நெற்றியை மிதியில் தொட வைத்து எடுத்தாள்.

முன்வாசல் வழியாக ஒரு பிராணி உள்ளே போகவில்லை. சேறு ஒட்டாததன் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண் முன்னால் முக்காலி வந்து நின்றது.

சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நானே வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டேன். இது கால்மிதிதான், பயப்படாமல் மிதியுங்கள், நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிச்ச ஆளு மாதிரி இருக்கிறே. சாமி பேர மிதிக்கச் சொல்றியே, நீ உருப்படுவியா?”

“சாமி பேரு இல்லீங்க. என் பேரு.”

“உன் பேரா? அப்ப உன்னையே மிதிச்சுடலாமா?”

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சொல்லிப் பயனில்லை, செய்து காட்டுவோம் என்று தீர்மானித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வலது காலை மிதியில் வைத்தேன். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இன்னும் யாரோ, ராமர மிதிக்கிறாண்டா என்று கத்தினார்கள். நான் சேற்றில் விழுந்து எழுந்தபோது வராந்தாவில் ஆபீசர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நானும் பக்கவாசல் வழியாகத்தான் ஓடினேன். அங்கே கீழே ஏதோ கிடந்தது. காலைத் துடைத்துக்கொண்டேன். சுத்தமாகத் துடைத்தது.

வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னேன். மிதியைத் திருப்பி வாங்கி, எழுத்தைப் பிரித்துவிட்டு மொட்டையாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். தையல்நாயகி பதறவேயில்லை.

“போட்ட மிதியப் பாதியில எடுத்தா போட்டியிலேருந்தே தூக்கிடுவாங்க. நடக்கிறது நடக்கட்டும் உடுங்க. சாமி பார்த்துக்கும்.”

அந்தச் சாமியைத்தான் நான் வாசலில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவள் அடுத்த பிரதோஷத்துக்கு விளக்குத் திரி திரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கார்த்திகையில் அப்பாதுரை வந்தான். முக்காலிக்கு வார்னிஷ் அடித்தாகிவிட்டது என்றான். உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் முழங்காலை ஒரு குச்சியால் அளந்துகொண்டு போனான். திண்டிவனத்திலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்களாம். யாரோ தேங்காய் உடைத்தார்களாம். வழக்கு ஜெயித்த ஒருவர் மிதிக்குத் துண்டு சாத்தினாராம்.

கார்த்திகை கடைசியில், மிதி போட்ட விழுப்புரத்துக்காரர் வந்து ஆபீசரைப் பார்க்க வேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். ஜெயித்ததால் கூப்பிடுகிறார்களா, சாமி குற்றத்துக்காகக் கூப்பிடுகிறார்களா என்று தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பிரதோஷம். நானும் வர்றேன் என்று தையல்நாயகி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். திண்டிவனம் வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ஆபீசர் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு மிதிகள் கிடந்தன. ஒன்று என்னுடையது, மஞ்சளும் குங்குமமுமாக, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இன்னொன்று முழுக்கச் சேறு. என்ன நிறம் என்றே தெரியவில்லை. தையல்நாயகி கதவோரமாக நின்றுகொண்டாள்.

“கோதண்டபாணி என்கிறது நீங்கள்தானே?” என்றார் ஆபீசர். “உங்கள் மிதி தேயவே இல்லை. தேயப்போவதும் இல்லை. ஒன்று வாங்கினால் என் பேரன் ரிட்டையர் ஆகிற வரைக்கும் புதுசாகவே இருக்கும். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உண்டியல் வைக்க வேண்டியிருக்கும். இது ஆபீசா, கோயிலா என்று மேலிடத்தில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள் அறைகளில் போட்ட மற்ற இரண்டு மிதிகளும் மழை முடியும் முன்பே பிரிந்துவிட்டன என்றார். பிறகு சேற்று மிதியைக் காலால் தள்ளிக் காட்டினார். இந்த இரண்டு மாதமும் ஜனங்கள் அத்தனை பேரும் பக்கவாசல் வழியாகத்தான் வந்தார்களாம். ஊர்ச் சேறு முழுவதையும் வாங்கிக்கொண்டது இந்த மிதிதானாம். ஆனால் ஒரு நார்கூடப் பிரியவில்லை. தரையில் ஒரு காலடி பதியவில்லை.

“இது உங்களுடையதா?” என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மார்க் போட்டு, சாயம் தோய்த்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மிதியை ஒதுக்கிவிட்டு, எவனோ போட்ட மொட்டை மிதியை என் தலையில் கட்டுவதா?

“இல்லீங்க சார். இதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லே. உள்ளூர் ஆளு எவனோ பின்னினது. பின்னல் சுமாரு. நாரும் மட்டம். மார்க் இல்லாத சரக்கு சார், நம்பக் கூடாது.”

“நன்றாகத் தெரியுமா? உங்களுடையது இல்லை?”

“சத்தியமா இல்லே சார்.”

ஆபீசர் கதவுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். சவுரியம்மாள் வந்தாள். இந்த மிதி யார் பின்னியது என்று கேட்டார். தையலு பின்னினது சார், அதோ நிக்குதே அதுதான் என்றாள் சவுரியம்மாள். நான் திரும்பிப் பார்த்தேன். தையல்நாயகி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள்.

“நான் பின்னினதுதாங்க சார்.”

அந்தச் சேற்றுக்குள்ளிருந்து அப்போதுதான் எனக்கு அந்த மிதி தெரிந்தது. தூறலில் நனையாமல் இருக்கச் சுற்றிவந்த மொட்டை மிதி. நான் தானம் செய்த மிதி.

அது எங்கள் வீட்டு மிதிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள்தான் சத்தியமே செய்துவிட்டீர்களே என்றார் ஆபீசர். டெண்டர் தையல்நாயகியின் பெயருக்கு எழுதப்பட்டது. அத்தனை ஆபீசுக்கும், வருஷா வருஷம். எழுதி முடித்துவிட்டு, மார்க் எதுவும் போட்டுவிடாதீர்கள் அம்மா என்று அவளைக் கேட்டுக்கொண்டார்.

“மிதிக்கிற சாமானுக்கு மார்க் எதுக்குங்க சார்?” என்றாள் அவள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கடை தப்பியது என்று சந்தோஷமாகவும் இருந்தது, நான் தப்பவில்லை என்று துக்கமாகவும் இருந்தது. கடைசியில் கேட்டேன்.

“எழுத்த எதுக்கு அவ்வளவு பெரிசாப் போட்டே?”

“சின்னதாப் போட்டா தெரியாம நாலு பேரு மிதிச்சிருப்பாங்க. முன்வாசல் முழுசா அடைபட வேணாமா?”

“அப்ப அந்த வில்லு?”

“எல்லாரும் எழுத்துப் படிச்சவங்களா? படிக்காதவங்களும் சுத்திக்கினு போகணுமே.”

“அந்தப் பிரதோஷம்?”

“சாமியும் கும்புட்டுக்கினேன். மொட்ட மிதியப் பக்கவாசல்ல போடச் சொல்லி சவுரிக்கு முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தேன். அவள ஒரு எட்டுப் பார்த்து, அது ஒழுங்காக் கிடக்குதான்னும் கேட்டுக்கினேன்.”

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தேயாத சரக்க ஒரு தபாதாங்க விக்கலாம். தேயற சரக்குதான் வருஷா வருஷம் சோறு போடும். நேராச் சொன்னா நீங்க கேக்கல. அதுக்காக உங்களக் கொண்டுபோயி என் தம்பி கடை முக்காலியில குந்த வைக்க முடியுமா? எனக்கு மட்டும் மனசு வருமா?”

அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அவள் புடவைத் தலைப்பை நீட்டினாள்.

தை பிறந்தது. கயிற்றுக் கடை இப்போது கால்மிதிக் கடை. நார் ஊறப்போடுவது, அடிப்பது, திரிப்பது எல்லாம் என் வேலை. பின்னுவதும் பேசுவதும் அவள் வேலை. பொங்கல் கழித்து அப்பாதுரை வண்டியில் வந்து இறங்கினான். கையில் முக்காலி. வார்னிஷ் பளபளத்தது. நான் பயந்து எழுந்து நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய், அதை அவள் மிதி பின்னுகிற சட்டத்துக்கு முன்னால் போட்டு, தன் துண்டால் துடைத்து, குந்துக்கா, இன்னும் எத்தினி நாளைக்குத் தரையில குந்திப் பின்னுவே என்றான். உட்கார்ந்தாள். உயரம் கொஞ்சம் கூடுதல் என்றாள். மாமா முழங்காலுக்கு அளந்ததுக்கா என்றான்.

வில் மார்க் மிதியை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை வாசலில் போட அவள் ஒப்பவில்லை. புருஷன் பெயரை எந்தப் பெண் மிதிப்பாள்? தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. குங்குமம் வைத்த பொருள். ஆகவே சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பூ வைக்கிறாள். விருந்தாளிகள் வந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஆம்பிளைக்கு என்ன மரியாதை என்று வியந்து போகிறார்கள். நானும் மறுப்பதில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை மிதிபடாமல் இருப்பது என் பெயர் ஒன்றுதான்.